மிளகாய் மூட்டைக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர்கள்

எங்கள் ஊரில் ஸ்பீக்கர் என்பது மரத்தில் இருக்கிற பொருள். காதுகுத்து, சடங்கு, புதுவீடு புகுதல், கோயில் பொங்கல் என்று எது வந்தாலும் ரேடியோ செட்டுக்காரர் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுவார். புளியமரத்தில் ஏறி, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குழாய்களைக் கட்டிவிட்டு இறங்குவார். ஒரு குழாய் எங்கள் ஊரைப் பார்க்கும். இன்னொன்று பக்கத்து ஊரைப் பார்க்கும். விசேஷ வீட்டைப் பார்த்து ஒரு குழாய்கூட இருக்காது. அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் விசேஷம் தெரியுமே! தெரியாதவர்களுக்குத்தான் பாட்டு.

அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதற்கென்று ஸ்பீக்கர் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் தொண்டியிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிப் போவேன், சாயங்காலம் தொண்டிக்குப் போகிற பஸ்ஸில் வந்து இறங்குவேன். வேலை நிரந்தரமானதும் அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்கினேன். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; அய்யாவின் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கினேன். அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர் பேச்சை எடுத்தேன்.

அந்த ஆசை மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது பிடித்தது. ஒரு தோழியின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவளுடைய அப்பா ஒரு வயலின் வாசிப்பைப் போட்டார். வில் கம்பியில் உரசுகிற சொரசொரப்பு எனக்குக் கேட்டது. வாசிக்கிறவர் நடுவில் மூச்சு இழுத்தது கேட்டது. அந்த மூச்சைக் கேட்டதும் கையில் இருந்த காபியைக் குடிக்க மறந்துவிட்டேன். நம் வீட்டிலும் இது இருக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

"செல்லுலயே பாட்டு வருதேத்தா?" என்றார் அய்யா.

"அது பாட்டு இல்லய்யா. பாட்டோட எலும்பு."

"எலும்பு போதாதாக்கும், கறி கேக்குதோ!" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

அய்யா நன்றாக யோசித்தார். எங்களுக்குப் பிழைப்பு குண்டு மிளகாய். மாசியில் மிளகாய் பழுத்து, காய்ந்து, மூட்டையாகி வீட்டுக்கு வந்துவிடும். விலை படிகிற வரைக்கும் ஹால்தான் கிட்டங்கி. அந்தக் காலத்தில் நாங்களே சுவரோரமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்போம்.

"சரி, வாங்கு" என்றார் கடைசியில். "ஆனா ஹால்ல எடம் மாசி வரைக்குந்தான். மூட்டை வந்தப்புறமும் அந்தப் பொட்டி இங்கன இருக்கணும்னா, அது எதுக்கு இருக்கணும்னு எனக்கு வெளங்கணும். வெளங்கலைன்னா உங்க சின்னய்யா கடைக்குப் போயிரும். வாங்குன பொருள் சும்மா இருக்கப்படாது."

சின்னய்யா என்றால் அய்யாவின் தம்பி. மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றிருந்தார். "ஆணி இன்னிக்கே அடிச்சிருவேன்ணே" என்றார் சந்தோஷமாக.

வயலின்காரரின் மூச்சு டீக்கடைப் பாய்லருக்கு மேலே, வடைச் சட்டிப் புகையில் போய்த் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். மாசிக்குள் அய்யாவுக்கு விளங்கவைத்தே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். வேகம், முடுக்கம் எல்லாம் வகுப்புக்கே விளங்கவைக்கிறவள் நான். ஒரு அய்யாவுக்கு விளங்கவைக்க முடியாதா?

மதுரைக்கு அய்யாவும் வந்தார். பெரிய சாமான் வாங்கும்போது ஆம்பளை ஒருத்தர் கூட நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கடைக்காரரும் அப்படியே நினைத்தார் போல. என்னைத் தாண்டி அய்யாவிடமே பேசினார்.

"அய்யா, வீட்ல டிவி பெருசா? ஹால் எப்பிடி?"

"என்னைய ஏன் கேக்குறிய? வாங்குறது அது" என்று அய்யா என்னைக் காட்டினார். "மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாத்துச் சொல்லுவேன். இதுக்குப் பல்லு எங்கன இருக்குன்னே தெரியல."

கடைக்காரர் முதலில் என் தோள் உயரத்துக்கு நின்ற ஒரு ஜோடியைப் போட்டுக்காட்டினார். முன்னால் நீல விளக்கு எரிந்தது. பாட்டு ஆரம்பித்ததும் கண்ணாடிக் கதவு நடுங்கியது. அய்யாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆத்தா, இதப் பாரு, நெஞ்சுல ஏறி மிதிக்குது!" என்றார்.

"ஒரு ஆளு சும்மா பேசுறத இதுல கேக்கணும்" என்றேன் நான்.

"ஸ்பீக்கர் வாங்க வந்துட்டு யாருங்க மேடம் பேச்சுக் கேக்குறது?"

நான் கேட்பேன். அதற்காகவே அம்மாவின் குரலைப் பதிவு செய்து எடுத்துப் போயிருந்தேன். துவைத்துப் போட்ட சேலையைத் தின்ற ஆட்டை அம்மா திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. பாட்டுக்காரர்களின் குரல் நேரில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா ஆட்டைத் திட்டினால் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். எந்தப் பெட்டி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

நீல விளக்குப் பெட்டியில் அம்மா சளி பிடித்து, பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு திட்டினாள். அடுத்த ஜோடியில் மூக்கால் திட்டினாள். மூன்றாவதாக, அலமாரியில் ஓரமாக இருந்த ஒரு சின்ன ஜோடியைக் கேட்டேன். அரிசி டின் அளவுதான் இருக்கும். பழுப்பு மரப்பெட்டி, ஒரு பெரிய வட்டம், அதற்கு மேலே ஒரு சின்ன வட்டம். விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. "அது அவ்வளவா போகாது மேடம்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஒயரைச் செருகினார்.

"நாசமாப் போற ஆடே, ஒனக்கு எஞ் சேலைதான் கெடச்சுச்சா!"

அய்யா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். "இவ எப்ப வந்தா?"

எனக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. அதற்கு ஏற்ற ஆம்பிளிஃபயரையும் நானே கேட்டு வாங்கினேன். ஓம் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று நான் கேட்கக் கேட்க, கடைக்காரர் அய்யாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். அய்யாவுக்கு மட்டும் நீல விளக்கை விட்டு வந்ததில் வருத்தம்.

பஸ்ஸில் பெட்டிகளை அய்யா மடியிலும் என் மடியிலும் வைத்துக்கொண்டோம். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன பெரியவரே, ஊர்ல திருவிழாவா?"

"இல்ல. எம் மக பாட்டுக் கேக்கப் போகுது."

"ஒரு ஆளு கேக்கவா ரெண்டு பொட்டி?"

"காது ரெண்டு இருக்குல்ல" என்றார் அய்யா. வீட்டுக்குள் எப்படி இருந்தாலும் வெளியில் அய்யா என் கட்சிதான்.

எங்கள் வீடு கான்கிரீட் வீடு. ஹாலில் டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், மூலையில் ஒரு இரும்பு பீரோ, வரிசையாகச் சாமி படங்கள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மாசி வரைக்கும் அங்கே வேறு எதுவும் கிடையாது. இரண்டு நாற்காலியிலும் ஆளுக்கொரு பெட்டியை ஏற்றினேன். ஒயர்களைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு பார்த்து மாட்டினேன். அம்மா, அய்யா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பெரியம்மா, ஆணி அடித்துவிட்டதாகச் சொல்ல வந்த சின்னய்யா எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதலில் அம்மாவின் குரலையே போட்டேன்.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நானா இது? கெணத்துக்குள்ள விழுந்து கத்துற மாதிரில்ல இருக்கு?"

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுந்தது. மதுரைக் கடையில் தரையில் கம்பளம் இருந்தது, சன்னலில் கனத்த திரை இருந்தது, பெரிய மெத்தை நாற்காலிகள் இருந்தன. எதிரொலி எல்லாவற்றையும் அவை குடித்துவிட்டிருந்தன. எங்கள் ஹாலில் சத்தத்தைக் குடிக்க ஒரு துணி கூடக் கிடையாது. காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் தெரிந்தால் மட்டும் கிணறு தூர்ந்துவிடாதே.

"பரவால்ல டீச்சரு" என்றார் சின்னய்யா. "கடையில சுவரே கெடையாது. அங்கன நல்லாக் கேக்கும்."

அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்து இறங்கினேன். பஸ் நிறுத்தத்திலேயே பாட்டு கேட்டது. எங்கள் தெருவுக்குள் திரும்பினால் வாசலில் கூட்டம். அய்யா இரண்டு நாற்காலிகளையும் வாசற்படிக்கு நகர்த்தி, பெட்டிகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றியிருந்தார். முன்னால் பெரியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். தலையில் பூ, கையில் ஒரு பை.

"வாத்தா, வா. நேத்து வந்து நின்னேனே, வாயத் தொறந்தியளா? பொண்ணுக்குப் பூ வச்சாச்சு, பாட்டும் போட்டாச்சு, பக்கத்துத் தெருவுல இருக்குற பெரியம்மாவுக்குச் சொல்ல மட்டும் ஆளு இல்ல!"

"பூவா? யாருக்குப் பெரியம்மா?"

"பின்ன எதுக்குடி வீட்டுல பாட்டு ஓடுது?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பாட்டு தெருவுக்கு வந்தால் விசேஷம். சொல்லாமல் விசேஷம் வைத்தால் சண்டை. பெரியம்மா சண்டைக்கும் தயாராக வந்திருந்தாள், பையில் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி, தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்து, இட்லி கொடுத்து அனுப்புவதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

"ஏன்யா திருப்புனீங்க?"

"பின்ன, ஸ்பீக்கரு வீட்டப் பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடி? நம்ம மட்டும் கேக்குறது, கதவச் சாத்திக்கிட்டுக் கறிச்சோறு திங்குற மாதிரி இருக்கு."

 "கதவச் சாத்த வேணாம்யா. யாரு வேணாலும் உள்ள வந்து உக்காந்து கேக்கட்டும். சாப்பாட்டத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போக வேணாம், ஆளக் கூப்புட்டுப் பந்தியில உக்கார வைப்போம்" என்றேன். அய்யா மீசையைத் தடவினார். அந்தச் சுற்றில் எனக்கு ஒரு மதிப்பெண் விழுந்தது என்று நினைக்கிறேன். பெட்டிகள் வீட்டுக்குள் திரும்பின.

உள்ளே வந்து உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. நான் படித்த குறிப்புகளில் எல்லாம், ஸ்பீக்கரின் சின்ன வட்டம் கேட்கிறவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்றும், அதற்கு ஸ்டாண்டு இத்தனை உயரம் வேண்டும் என்றும் எழுதியிருந்தது. எழுதினவர்கள் எல்லாரும் சோபாவில் உட்காருகிறவர்கள். எங்கள் வீட்டில் அம்மா கால் நீட்டித் தரையில் உட்காருவாள். அய்யா சம்மணம் போடுவார். பெரியம்மா சுவரில் சாய்வாள். நாற்காலி மேல் இருந்த பெட்டிகள் எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே, பீரோவுக்குப் பாடிக்கொண்டிருந்தன.

குளியலறை கட்டியதில் மிச்சமான சிமெண்டுக் கற்கள் கொல்லையில் கிடந்தன. ஒரு பெட்டிக்கு ஒரு கல் என்று தூக்கி வந்து படுக்கவைத்து, மேலே பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, பெட்டிகளை ஏற்றினேன். அம்மாவை உட்காரவைத்து, அவள் காதிலிருந்து சின்ன வட்டத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். நேர்கோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத உயரம் அது. தரையில் உட்காருகிற வீட்டுக்கான உயரம். நானே கண்டுபிடித்தது.

குரல்கள் தலைக்கு மேலிருந்து இறங்கி எதிரே வந்து உட்கார்ந்தன. ஆனால் கிணறு மட்டும் அப்படியே இருந்தது.

மார்கழியும் தையும் அந்தக் கிணற்றோடு போராடியதில் போயின. பெட்டிகளைச் சுவரிலிருந்து இழுத்தேன், தள்ளினேன், உள்பக்கமாகச் சாய்த்துத் திருப்பினேன். வைத்த இடத்தையெல்லாம் தரையில் சாக்பீஸால் குறித்தேன். அம்மா காலையில் அதைத் துடைத்துவிடுவாள். எந்த மூலையில் எதிரொலி அதிகம் என்று பார்க்க ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று கை தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். அய்யா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, பேய் ஓட்டுறியா?"

"ஆமாய்யா. இந்த மூலையில ஒண்ணு இருக்கு."

போர்வை, சமுக்காளம், அம்மாவின் பழைய சேலைகள் என்று கிடைத்ததையெல்லாம் கொடி கட்டிச் சுவரில் தொங்கவிட்டேன். கொஞ்சம் தேவலை. ஆனால் பெரியம்மா வந்தவள், "என்னடி, வெள்ளையடிக்கப் போறியளா?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. பெரியம்மா போனதும் அம்மா எல்லாவற்றையும் உருவி மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "பாட்டுக்குச் சேல கட்டிவிடுற வீடு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றாள்.

சின்னய்யா வாரத்தில் ஒரு நாளாவது எட்டிப் பார்ப்பார். பெட்டியின் மேல் விரலால் தட்டுவார். "நல்லாச் சாப்புட்டு இருங்கடா, மாசிக்கு நம்ம கடைக்கு வரணும்" என்று ஆட்டுக்குட்டியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பும் வரும், மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்கும் ஓடும்.

மாசி வந்தது. மழை சரியாகப் பெய்த வருஷம், காய்ப்புக்குக் குறைவில்லை. காய்ந்த மிளகாய் சாக்குகளில் ஏறி, டிராக்டரில் வந்து வாசலில் இறங்கியது. ஒரு சனிக்கிழமை முழுக்க மூட்டைகள் உள்ளே வந்தன. பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த நீளச் சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். பக்கச் சுவரை அடைத்தார்கள். மூலைகளை நிரப்பினார்கள். மூட்டைகளை ஒட்டினாற்போல் பெட்டிகள் மட்டும், சிமெண்டுக் கல்லின் மேல், யாராவது தூக்குவார்கள் என்று காத்திருந்தன. மூட்டைகளை நான் இத்தனை நாளும் எதிரியாக மட்டுமே பார்த்திருந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் முறைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சின்னய்யா பைக்கில் வந்தார். தோளில் கயிறு.

"இன்னும் நாலு மூட்ட கெடக்கு வெளிய. அத எங்கன வைக்க?" என்று அய்யா ஹாலை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். "எனக்கு ஒண்ணும் பெருசா வெளங்கலையேத்தா. செல்லுலயும் கேக்குது, இதுலயும் கேக்குது."

"ஒரே ஒரு பாட்டுக் கேட்டுட்டுக் குடுத்துரலாம்யா. நீங்களே சொல்லுங்க, எந்தப் பாட்டுன்னு."

அய்யா ஒரு பழைய சினிமாப் பாட்டைச் சொன்னார். அவருடைய கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே புளியமரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிற பாட்டு. அதைக் கேட்காத காதுகுத்து எங்கள் பக்கத்தில் நடந்ததில்லை. அய்யாவுக்கு ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பாட்டில் எந்த இடத்தில் தபேலா நிற்கும் என்பது வரைக்கும் தெரியும். செல்போனில் தேடிப் போட்டேன். அம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள். அய்யா தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுச் சம்மணம் போட்டார். சின்னய்யா கயிறோடு நின்றார்.

பாட்டு ஆரம்பித்தது. நான் நிமிர்ந்தேன்.

கிணறு இல்லை. எதிரொலி ஒரு சொட்டுக்கூட இல்லை. பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், தரையில் எங்களைப் போலவே உட்கார்ந்து பாடினார். சொல்லுக்குச் சொல் தனியாக, சுத்தமாக வந்து நின்றது. மேடும் பள்ளமுமாகச் சாக்குகள், அதற்குள் லட்சக்கணக்கில் குண்டு மிளகாய், ஒவ்வொன்றுக்கும் இடையில் காற்று. திரும்பி வர வேண்டிய சத்தமெல்லாம் அதற்குள் நுழைந்து வழி தவறிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மதுரைக் கடையின் கம்பளமும் திரையும் எங்கள் மூட்டைகளிடம் பிச்சை வாங்க வேண்டும். மூன்று மாதமாக நான் தேடியது டிராக்டரில் வந்து இறங்கியிருக்கிறது, நான் அதை முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

அய்யா அசையவில்லை. முதல் சரணம் முடிகிற இடத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து. பின்னாடி ஒரு பொம்பள பாடுதே, அது யாரு?"

நானும் கேட்டேன். பாடகரின் குரலுக்குப் பின்னால், மெல்லிசாக, ஒரு பெண் குரல் சொல்லே இல்லாமல் முனகிக்கொண்டு போனது.

"அது எப்பவும் அந்தப் பாட்டுல உள்ளதுதான்யா."

"என்னத்தா சொல்ற? மீச மொளைக்கிறதுக்கு முன்னால இருந்து கேக்குறேன். அந்தப் பாட்டுல பொம்பளையே கெடையாது."

"குழாயில அது வராதுய்யா. அதுக்கு நடுக்குரல் மட்டுந்தான் தெரியும். மெல்லிசா இருக்குறதும் விழுந்துரும், அடியில இருக்குறதும் விழுந்துரும்."

"இத்தன வருசமா அந்தப் பொம்பள பாடிக்கிட்டேவா இருந்துச்சு?" அய்யா என்னைப் பார்த்துக் கேட்டாலும் கேள்வி என்னிடம் இல்லை. "ஒருத்தனும் சொல்லலையே. முதல்லேருந்து போடு."

முதலிலிருந்து போட்டேன். இந்த முறை அய்யா அந்தப் பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனார். அவள் வருகிற இடத்தில் எல்லாம் விரல் மேலே எழும்பியது. இரண்டாம் சரணத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அம்மாவின் கண்ணிலும் வழிந்தது. சின்னய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒரு வெற்றியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்போது சின்னய்யா தும்மினார். அடுத்து அம்மா. அடுத்து அய்யா, வீடே அதிரும்படி.

பெட்டியின் பின்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அடித்தொண்டைச் சத்தம் வரும்போதெல்லாம் அது வழியாகக் காற்று குபுகுபுவென்று வெளியே வரும். அந்தக் காற்று நேராக மூட்டையில் போய் மோதி, மிளகாய்த் தூளைக் கிளப்பி ஹால் முழுக்க விசிறிக்கொண்டிருந்தது. தபேலா ஒரு அடி, எங்களுக்கு ஒரு தும்மல். அழுகையில் எவ்வளவு பாட்டுக்கு, எவ்வளவு நெடிக்கு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு வரைக்கும் என்னால் முடியவில்லை. அய்யாவிடம் கேட்டால் முழுக்க நெடிதான் என்பார்.

பெட்டிகளை ஒரு முழம் முன்னால் இழுத்தேன். மூட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இடம் விழுந்தது, தும்மல் அடங்கியது, சத்தம் இன்னும் தெளிந்தது. அய்யா மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். ஒரு மூட்டையை அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பதுபோல் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"சாக்கு சத்தத்தத் திங்குதுங்குற."

"ஆமாய்யா. உள்ள மிளகாய் இருக்குறதால."

"ஏலே" என்றார் தம்பியைப் பார்த்து. "கயித்தச் சுருட்டி வையி. வெளிய கெடக்குற நாலு மூட்டையையும் அந்தா, அந்த மூலைக்கு ஏத்தணும். வந்தது வந்துட்ட, ஒரு கை புடி."

"அப்ப என் ஆணி?"

"ஆணியில சட்டையத் தொங்கவிடு."

அன்றிலிருந்து எங்கள் ஹாலில் பந்தி நடந்தது. வாசல் கதவு திறந்திருக்கும், பெட்டிகள் உள்ளே பார்த்திருக்கும். களத்து வேலை முடித்துப் போகிற பெண்கள் வந்து உட்காருவார்கள். அய்யா அவர்களுக்கு அந்தப் பெண் குரலை, தானே கண்டுபிடித்ததுபோல் சுட்டிக்காட்டுவார். பெரியம்மா வந்ததுமே இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்வாள். அது நான் எனக்காக நூல் பிடித்து வைத்த இடம். "இங்கனதான்டி நல்லாக் கேக்குது, நீ அங்கிட்டுத் தள்ளி உக்காரு" என்று எனக்கே சொல்வாள்.

விலை படிந்தது. வியாபாரியின் லாரி வந்து, சரிபாதி மூட்டைகளை முதல் நாள் ஏற்றிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் வழக்கம்போல் அந்தப் பாட்டைப் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா முகத்தைச் சுளித்தார். எழுந்து, காலியாகிப் போன மூலைக்குப் போனார். கை தட்டினார். காது கொடுத்துக் கேட்டார்.

"பேய் திரும்பி வந்துருச்சுத்தா" என்றார்.

மறுநாள் வியாபாரியின் ஆட்கள் மிச்சத்தைத் தூக்க வந்தார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த வரிசைக்கும் மூலை அடுக்குக்கும் அவர்கள் வந்தபோது அய்யா குறுக்கே நின்றார்.

"இது இருக்கட்டும்."

வியாபாரி சிரித்தார். "என்ன பெரியவரே, வெல ஏறட்டும்னு பதுக்குறியளா?"

"வெலைக்கு இல்ல. இது பாட்டுக்கு."

வியாபாரி மூட்டைகளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வகுப்பில் விடை சரியாகச் சொன்ன மாணவனுக்கு ஆட்டுவதுபோல் நான் தலையை ஆட்டினேன்.

"ஏங்க" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "குழம்புக்கு அதுலேருந்து ஒரு கை எடுத்துக்கிறவா? பாட்டுக் கொறைஞ்சுருமா?"

"என்னைய ஏன் கேக்குற?" என்றார் அய்யா. "டீச்சரக் கேளு."